லைப்ரரி எழுதுவோருக்கு: பில்ட் கருவியை அடுத்தவருக்காகத் தேர்ந்தெடுங்கள்

சி, சி++ மொழிகளில் லைப்ரரி எழுதிப் பொதுவில் வெளியிடும் நண்பர்களுக்கு,

நீங்கள் எழுதும் நிரலை விண்டோஸுக்கும் மேக்குக்கும் லினக்ஸுக்கும் ஆண்ட்ராய்டுக்கும் பில்ட் செய்து, மற்றவர்கள் எடுத்துப் பயன்படுத்தும்படி பேக்கேஜ் ஆக்கித் தருவது என் வேலை. உங்கள் அல்காரிதத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. நிரலுக்குப் பக்கத்தில் நீங்கள் வைக்கும் பில்ட் கோப்பைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது. நிரலுக்கு மாதக்கணக்கில் உழைக்கிறீர்கள். பில்ட் கோப்பை ஒரே மாலையில் எழுதி முடிக்கிறீர்கள். உங்கள் கணினியில் ஓடியதும் அதை மறந்துவிடுகிறீர்கள். நீங்கள் மறக்கும் இடத்தில்தான் எங்கள் வேலை தொடங்குகிறது.

எந்தக் கருவியில் பில்ட் செய்வது என்று முடிவெடுக்கும்போது உங்களில் பலர் கேட்டுக்கொள்ளும் கேள்வி, எனக்கு எது பிடிக்கிறது என்பதே. அந்தக் கேள்வியை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல். நான் பார்த்திராத ஒரு கணினியில், நான் பயன்படுத்தியிராத ஒரு கம்பைலரில், எனக்கு அறிமுகமே இல்லாத ஒருவர், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதை பில்ட் செய்ய முடியுமா? இதற்கு ஆம் என்று பதில் தரும் கருவி எதுவோ அதுவே உங்கள் லைப்ரரிக்கு ஏற்றது.

நேட்டிவ் நிரலுக்கு இந்தக் கேள்வி ஏன் இவ்வளவு முக்கியம் என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் எங்கள் பக்கத்திலிருந்து அது எப்படித் தெரிகிறது என்று சொல்கிறேன். 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் லாங் என்ற வகை 8 பைட். 64 பிட் விண்டோஸில் 4 பைட். லினக்ஸில் ஷேர்டு லைப்ரரி ஒன்றை உருவாக்கினால் அதிலுள்ள ஃபங்ஷன்கள் இயல்பாகவே வெளியே தெரியும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் கம்பைலரிடம் எவற்றை வெளியிட வேண்டும் என்று சொல்லாவிட்டால் ஒன்றுமே தெரியாது. டிஎல்எல் கோப்பு உருவாகிவிடும். அதனோடு லிங்க் செய்யத் தேவையான துணைக் கோப்பு மட்டும் உருவாகாது. ஒரு லைப்ரரி ரன்டைமை ஸ்டேட்டிக்காகவும் இன்னொன்று டைனமிக்காகவும் இணைத்துக்கொண்டால், ஒன்று ஒதுக்கிய நினைவகத்தை மற்றொன்று விடுவிக்கும்போது நிரல் நொறுங்கும். இவற்றில் எதுவும் உங்கள் அல்காரிதத்தைச் சேர்ந்ததல்ல. ஆனால் இவை அத்தனைக்கும் உங்கள் பில்ட் கோப்பு பதில் சொல்லியாக வேண்டும். அது சொல்லாதபோது, சொல்ல வேண்டிய பொறுப்பு உங்கள் லைப்ரரியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவர் தலையிலும் தனித்தனியாக விழுகிறது.

எங்கள் குறைகளை நேரடியாகவே சொல்லிவிடுகிறேன். எழுதியவரின் ஹோம் அடைவின் முழுப் பாதை பதிந்த மேக்ஃபைல்கள் எங்களிடம் வருகின்றன. கம்பைலரின் பெயரை ஜிசிசி என்று நிரந்தரமாக எழுதிவைத்து, நாங்கள் கொடுக்கும் கம்பைலரைத் திரும்பியும் பார்க்காத கோப்புகள் வருகின்றன. எச்சரிக்கை ஒவ்வொன்றையும் பிழையாகக் கருது என்ற ஃப்ளாகை வெளியீட்டிலும் விட்டுவைக்கிறீர்கள்; அடுத்த ஆண்டு வரும் கம்பைலர் புதிதாக ஓர் எச்சரிக்கையைச் சேர்த்தவுடன், நேற்றுவரை நன்றாக இருந்த உங்கள் நிரல் பில்ட் ஆக மறுக்கிறது. பில்ட் நடக்கும் கணினியின் ப்ராசசருக்கு மட்டுமே பொருந்தும் கட்டளைகளை உருவாக்கச் சொல்லும் ஃப்ளாகைப் போட்டுவிடுகிறீர்கள். எங்கள் சர்வரில் உருவான பைனரி, பழைய லேப்டாப் வைத்திருக்கும் மாணவரிடம் போனதும் முதல் விநாடியிலேயே விழுந்துவிடுகிறது. பில்ட் நடுவில் இணையத்திலிருந்து வேறு லைப்ரரிகளை இறக்குகிறீர்கள். டெபியன் போன்ற லினக்ஸ் விநியோகங்களின் பில்ட் விதிகளோ இணையத் தொடர்பை அனுமதிப்பதில்லை. இன்ஸ்டால் என்ற படியையே எழுதாமல் விடுகிறீர்கள். எந்த ஹெடர் பொதுவானது, எது உள்ளுக்குள் மட்டும் என்று நாங்கள் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

கிராஸ் கம்பைல் என்று வந்துவிட்டால் இந்தச் சிக்கல் பல மடங்காகிறது. ஆண்ட்ராய்டு ஃபோனில் உட்கார்ந்து யாரும் ஆண்ட்ராய்டுக்கு பில்ட் செய்வதில்லை. பில்ட் நடப்பது ஒரு கணினியில், நிரல் ஓடப்போவது வேறொரு சாதனத்தில். இருந்தும் பல பில்ட் கோப்புகள், ஒரு வசதி இருக்கிறதா என்று அறிய ஒரு சின்ன நிரலை கம்பைல் செய்து அங்கேயே ஓட்டிப் பார்க்கின்றன. ஆர்ம் சிப்புக்காக உருவான நிரல் இன்டெல் கணினியில் ஓடாது. உடனே அந்த வசதி இல்லை என்று முடிவுகட்டி, பைனரியிலிருந்து பாதி அம்சங்களைச் சத்தமில்லாமல் கழற்றிவிடுகின்றன. பிழைச் செய்தி வந்தாலாவது தேடிக் கண்டுபிடிக்கலாம். இப்படி அமைதியாக ஊனப்பட்ட பைனரியைப் பயனர் கையில் சிக்கிய பிறகுதான் கண்டுபிடிக்கிறோம்.

ஒருமுறை பில்ட் ஆகிவிட்டதே, இனி என்ன என்று நினைக்காதீர்கள். இயங்குதளங்கள் நம்மைத் திரும்பத் திரும்ப பில்ட் செய்ய வைக்கின்றன. 2019 ஆகஸ்ட் முதல் கூகுள் ப்ளே, நேட்டிவ் நிரல் உள்ள செயலிகளுக்கு 64 பிட் பதிப்பைக் கட்டாயமாக்கியது. 2020 இறுதியில் ஆப்பிள் தன் மேக் கணினிகளை இன்டெல்லிலிருந்து சொந்த ஆர்ம் சிப்புக்கு மாற்றத் தொடங்கியது. 2025 நவம்பர் முதல், ஆண்ட்ராய்டு 15 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பைக் குறிவைக்கும் செயலிகள் 16 கிலோபைட் நினைவகப் பக்க அளவில் ஓட வேண்டும் என்று கூகுள் விதித்தது. இந்தக் கடைசி விதிக்காகப் பெரும்பாலான லைப்ரரிகளின் சோர்ஸில் ஒரு வரிகூட மாற வேண்டியதில்லை. லிங்க்கருக்கு ஒரு ஃப்ளாகைச் சேர்த்து மறுபடியும் பில்ட் செய்தாலே போதும். அந்த ஃப்ளாகை வெளியிலிருந்து கொடுக்க வழி வைத்த லைப்ரரிகள் சில நிமிடங்களில் தயாராகிவிட்டன. வழி வைக்காதவற்றின் பில்ட் கோப்புகளை வரிவரியாகப் பிரித்து மேய வேண்டியிருந்தது. உங்கள் நிரல் நல்லதா என்பதல்ல, அதை மறுபடி பில்ட் செய்ய முடியுமா என்பதே அன்றைக்கு அதன் ஆயுளைத் தீர்மானித்தது.

கருவிகளுக்கு வருகிறேன். பழைய கருவிகளை இகழ்ந்து பேச எனக்கு விருப்பமில்லை. பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976 இல் உருவாக்கிய மேக் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. எந்தக் கோப்பு மாறினால் எதையெல்லாம் திரும்ப உருவாக்க வேண்டும் என்ற அதன் அடிப்படைச் சிந்தனை, பின்னால் வந்த அத்தனை கருவிகளிலும் உயிரோடிருக்கிறது. 1991 இல் டேவிட் மெக்கென்சி தொடங்கிய ஆட்டோகான்ஃப், இன்ன இயங்குதளமா என்று கேட்காமல் இன்ன வசதி இருக்கிறதா என்று சோதிக்கும் நல்ல பழக்கத்தைக் கொண்டுவந்தது. ஒன்றோடொன்று ஒத்துப்போகாத யூனிக்ஸ்கள் பல இருந்த காலத்துக்கு அது பெரும் உதவி. ஆனால் அது யூனிக்ஸ் ஷெல்லை நம்பிப் பிறந்தது. மைக்ரோசாஃப்ட் கம்பைலரோடு விண்டோஸில் வேலை செய்பவர் அதற்காக எம்சிஸ்2 போன்ற ஒரு தனிச் சூழலையே நிறுவிக்கொண்டு, பிறகும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. உங்கள் லைப்ரரி விண்டோஸையும் குறிவைக்கிறது என்றால், புதிதாகத் தொடங்கும் வேலைக்கு ஆட்டோடூல்ஸை எடுக்காதீர்கள்.

இன்று நான் உங்களிடம் பரிந்துரைக்கக்கூடியவை இரண்டு: சிமேக், மெசான்.

சிமேக் பிறந்த கதையே நம் சிக்கலின் கதைதான். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் நிதியளித்த ஐடிகே என்ற மருத்துவப் பட ஆய்வு மென்பொருள், யூனிக்ஸிலும் விண்டோஸிலும் ஒருசேர பில்ட் ஆக வேண்டியிருந்தது. அதற்காகக் கிட்வேர் நிறுவனம் 2000 வாக்கில் இதை உருவாக்கியது. ஒரே விவரணையிலிருந்து மேக்ஃபைல், நிஞ்ஜா கோப்பு, விஷுவல் ஸ்டுடியோ ப்ராஜெக்ட், எக்ஸ்கோட் ப்ராஜெக்ட் என எது வேண்டுமோ அதை அது எழுதித் தரும். கேடிஇ குழுவினர் 2006 இல் தங்கள் மாபெரும் நிரல் தொகுப்பை இதற்கு மாற்றினார்கள். அதற்குமுன் எஸ்கான்ஸை அடிப்படையாக வைத்து முயன்று, அது சரிவராமல் விட்டார்கள். க்யூட்டி நிறுவனம் க்யூபிஎஸ் என்ற சொந்தக் கருவியை வளர்த்தது; 2018 இல் அதைக் கைவிடுவதாக அறிவித்தது; 2020 இல் வந்த க்யூட்டி 6 சிமேக்கில் பில்ட் ஆனது. ஆண்ட்ராய்டின் நேட்டிவ் கருவித்தொகுப்பு தன்னுடனேயே சிமேக்குக்கான டூல்செயின் கோப்பைத் தருகிறது. சிஎலையன், விஷுவல் ஸ்டுடியோ போன்ற எடிட்டர்கள் சிமேக் கோப்பை நேரடியாகத் திறக்கின்றன. விசிபிகேஜி, கானன் போன்ற பேக்கேஜ் மேலாளர்கள் அதை முதல் பிள்ளையாக நடத்துகின்றன.

சிமேக்கின் மொழி அழகற்றது என்று நீங்கள் சொல்வீர்கள். ஒப்புக்கொள்கிறேன். எல்லாமே சரம், பட்டியலும் அரைப்புள்ளி போட்ட சரம், ஒரே வேலையைச் செய்யப் பழையதும் புதியதுமாய்ப் பல வழிகள். ஆனாலும் டார்கெட் அடிப்படையில் எழுதினால் அதன் மொழியில் மிகச் சிறிய பகுதியே தேவைப்படும். இந்த லைப்ரரியைப் பயன்படுத்துபவருக்கு இந்த ஹெடர் அடைவு வேண்டும், இந்த லைப்ரரியோடு லிங்க் ஆக வேண்டும் என்று டார்கெட்டிலேயே சொல்லிவிட்டால், பயன்படுத்துபவர் ஒரே வரியில் எல்லாவற்றையும் பெற்றுவிடுவார். எங்களுக்குத் தொல்லை தருபவை, பத்தாண்டுக்கு முந்தைய வலைப்பக்கங்களிலிருந்து நகலெடுத்து, பில்ட் முழுவதற்குமான மாறிகளில் ஃப்ளாக்குகளைக் கொட்டிவைக்கும் கோப்புகள்தான். 2025 மார்ச்சில் வந்த சிமேக் 4.0, 3.5 க்கு முந்தைய பதிப்புகளுக்கான இணக்கத்தை நீக்கியது. எப்போதோ தொடக்க வரியில் 2.8 என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்க்காத லைப்ரரிகள் ஒரே நாளில் நின்றுபோயின. அந்த ஒரு வரியை இன்றே திறந்து பாருங்கள்.

பின்லாந்தைச் சேர்ந்த யூசி பக்கானென் உருவாக்கி 2013 இல் வெளிவந்த மெசான், வேறொரு நம்பிக்கையில் கட்டப்பட்டது. பில்ட் கோப்பு என்பது விவரணையாக இருக்க வேண்டும், தன்னிச்சையான நிரலாக வளர்ந்துவிடக் கூடாது என்று அதன் மொழியில் சொந்த ஃபங்ஷன் எழுதும் வசதியையே வைக்கவில்லை. அதனால் முன்பின் தெரியாத ஒரு மெசான் கோப்பைத் திறந்தாலும் சில நிமிடங்களில் புரிந்துகொள்கிறோம். கிராஸ் கம்பைல் அதன் அடிப்படையிலேயே இருக்கிறது: எதற்காக பில்ட் செய்கிறோம் என்ற விவரத்தைத் தனிக் கோப்பில் தருகிறோம், பில்ட் நடக்கும் கணினியிலேயே ஓட வேண்டிய துணை நிரல் எது என்று தனியாகக் குறிக்கவும் முடிகிறது. ஒரே பில்டில் இரண்டு கம்பைலர்களை இப்படிப் பிரித்துக் கையாள்வது சிமேக்கில் இன்றும் சுற்றுவழிதான். சிஸ்டம்டி 2017 இலும் க்யூஇம்யூ 2020 இலும் மெசானுக்கு வந்தன. பைத்தான் உலகின் சைபை 2022 இல் வந்தது. சி, சி++, ஃபோர்ட்ரான் மூன்றையும் ஒன்றாக பில்ட் செய்ய வேண்டிய லைப்ரரி அது. அதன் பழைய பில்ட் முறைக்கு அடித்தளமாக இருந்த டிஸ்ட்யூட்டில்ஸ், 2023 இல் வந்த பைத்தான் 3.12 இலிருந்தே நீக்கப்பட்டது. மெசானை ஓட்டப் பைத்தான் வேண்டும் என்பது சில சூழல்களில் தடையாகலாம். பெரும்பாலான இடங்களில் அது ஏற்கெனவே இருக்கும்.

போஸ்ட்கிரெஸ் அனுபவத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்களில் பலர் அதே நிலையில் இருக்கிறீர்கள். நெடுங்காலம் அந்தக் குழுவினர் யூனிக்ஸுக்கு ஆட்டோகான்ஃபும் மேக்கும், விண்டோஸின் மைக்ரோசாஃப்ட் கம்பைலருக்குத் தாங்களே பெர்ல் மொழியில் எழுதிய ஸ்கிரிப்டுகளும் வைத்திருந்தார்கள். ஒரு பக்கம் மாறும்போது மறுபக்கத்தையும் கவனித்தாக வேண்டும். 2023 இல் வந்த 16 ஆம் பதிப்பில் மெசானைச் சேர்த்தார்கள். அடுத்த ஆண்டு 17 ஆம் பதிப்பில் அந்த விண்டோஸ் ஸ்கிரிப்டுகளை நீக்கினார்கள். அனுபவம் மிக்க அத்தனை பேர் உழைக்கும் திட்டத்துக்கே சுமையாக இருந்த ஒன்று, ஒருவரோ இருவரோ நடத்தும் உங்கள் லைப்ரரிக்கு எவ்வளவு சுமை! எல்எல்விஎம் கூட ஆட்டோகான்ஃபையும் சிமேக்கையும் சேர்த்தே வைத்திருந்து, 2016 இல் ஆட்டோகான்ஃபை விட்டது. ஒரே லைப்ரரிக்கு இரண்டு மூன்று பில்ட் முறைகளை வைத்தால் எல்லோருக்கும் உதவுகிறோம் என்று நினைக்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தினமும் ஓட்டும் ஒன்றுதான் சரியாக இருக்கிறது. மற்றவை கதவு வரைந்த சுவர்கள். நம்பி வந்து முட்டிக்கொள்பவர்கள் நாங்கள்.

பேசல் போன்ற கருவிகளைப் பற்றியும் கேட்பீர்கள். கூகுள் 2015 இல் வெளியிட்ட பேசல், ஒரு நிறுவனத்தின் அத்தனை நிரலும் ஒரே களஞ்சியத்தில் இருந்து, ஒவ்வொரு சார்பு லைப்ரரியின் பதிப்பையும் அந்த நிறுவனமே கட்டுப்படுத்தும் இடத்தில் மிகச் சிறப்பாக வேலை செய்கிறது. உங்கள் வேலை அப்படிப்பட்டது என்றால் தாராளமாக எடுங்கள். ஆனால் பிறருடைய பில்டுக்குள் போய்ச் சேர வேண்டிய சின்ன லைப்ரரிக்கு அது பொருந்துவது கடினம். சார்புகளைத் தானே கொண்டுவர அது விரும்புகிறது. கணினியில் ஏற்கெனவே நிறுவியிருப்பதைப் பயன்படுத்த லினக்ஸ் விநியோகங்கள் விரும்புகின்றன. அந்த மோதலை உங்கள் பயனர் தலையில் கட்டாதீர்கள். நீங்களே சொந்தமாக ஒரு பில்ட் கருவி எழுதும் ஆசை இருந்தால், அதைத் தனித் திட்டமாக வளருங்கள். உங்கள் லைப்ரரியை அதன் சோதனைக் களமாக்காதீர்கள்.

பில்ட் கோப்பு படிக்கும்படி இருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. 2024 மார்ச் இறுதியில், எக்ஸ்இசட் என்ற சுருக்க லைப்ரரியில் பின்கதவு ஒன்று வைக்கப்பட்டிருப்பதை ஆந்த்ரேஸ் ஃப்ராய்ண்ட் என்ற மென்பொருள் பொறியாளர் கண்டுபிடித்தார். எஸ்எஸ்ஹெச் வழி உள்நுழைய அரை விநாடி கூடுதலாவதை அவர் கவனித்ததால்தான் அது தெரிய வந்தது. பின்கதவைத் திறக்கும் வரிகள் சி நிரலில் இல்லை. வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டு, கிட் களஞ்சியத்தில் இல்லாத ஓர் ஆட்டோகான்ஃப் மேக்ரோவில் இருந்தன; சோதனைக் கோப்புகள் என்ற பெயரில் கிடந்தவற்றுக்குள்ளிருந்து தீய நிரலைப் பிரித்தெடுத்தவை அவையே. அதே லைப்ரரியின் சிமேக் கோப்பிலும் ஒரு பாதுகாப்பு வசதியைச் சோதிக்கும் துண்டு நிரலில் ஒற்றைப் புள்ளி ஒன்று செருகப்பட்டிருந்தது. அதனால் சோதனை எப்போதும் தோற்கும். வசதி எப்போதும் அணைந்தே இருக்கும். எந்தக் கருவியும் முழுப் பாதுகாப்பு தராது என்பதற்கு இதுவே சான்று. ஆனால் நூறு வரியில் முடியும் பில்ட் கோப்பில் ஒரு புள்ளி கண்ணில் படும். யாருமே படிக்காத ஆயிரக்கணக்கான வரிகளில் எதையும் ஒளித்துவைக்கலாம்.

நான் கேட்பது நடக்கக்கூடியதா என்று ஐயம் வந்தால் ஹார்ஃப்பஸ்ஸைப் பாருங்கள். இந்த மடலை நீங்கள் கணினியில் குரோமிலோ ஃபயர்ஃபாக்ஸிலோ, அல்லது ஆண்ட்ராய்டு ஃபோனிலோ படிக்கிறீர்கள் என்றால், ககரத்துக்கு முன்னும் பின்னும் ஒகரக் குறியைப் பிரித்து நிறுத்துவது அந்த லைப்ரரிதான். தமிழ் மட்டுமல்ல, உலகின் பெரும்பாலான எழுத்துமுறைகள் இத்தனை சாதனங்களில் சரியாகத் தெரிவதற்கு அதன் நிரல் மட்டும் காரணமல்ல. யாரும் எங்கும் அதை பில்ட் செய்ய முடிவதும் காரணம். அதன் முதன்மை பில்ட் முறை மெசான். அதுவும் வேண்டாம் என்பவர்களுக்கு, முழு லைப்ரரியையும் உள்ளடக்கும் ஒரே சி++ கோப்பை கம்பைல் செய்தாலே போதும் என்ற வழியைத் திறந்துவைத்திருக்கிறார்கள். எஸ்க்யூலைட்டும் தன் முழு நிரலையும் ஒரே சி கோப்பாகத் தருகிறது. எந்த பில்ட் கருவிக்குள்ளும் அது எளிதாக நுழைந்துவிடுகிறது. உங்கள் லைப்ரரி சிறியது என்றால், பில்ட் கருவியே தேவைப்படாதபடி எழுதுவது எல்லாவற்றையும்விட நல்ல தேர்வு.

ஆகவே உங்களிடம் நான் வேண்டுவது இது. அடுத்த வெளியீட்டுக்கு முன், சிமேக் அல்லது மெசான் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். அது ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றவற்றை நீக்குங்கள். கம்பைலரையும் ஃப்ளாக்குகளையும் நிறுவும் இடத்தையும் வெளியிலிருந்து கொடுக்க வழி விடுங்கள். சார்புகளை முதலில் கணினியிலேயே தேடுங்கள். பதிவிறக்கம் என்பது பயனர் கேட்டால் மட்டும் நடக்கட்டும். எச்சரிக்கையைப் பிழையாக்கும் ஃப்ளாகை உங்கள் சோதனை பில்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓட்டிப் பார்த்து அறியும் சோதனைகளை, கம்பைல் மட்டும் செய்து அறியும் சோதனைகளாக மாற்றுங்கள். முடியாத இடத்தில் பதிலை நாங்களே தர ஓர் ஆப்ஷன் வையுங்கள். இன்ஸ்டால் படியை எழுதுங்கள். பிறகு உங்கள் கணினியில் இல்லாத ஓர் இயங்குதளத்துக்கு, குறைந்தது ஆண்ட்ராய்டின் ஆர்ம் 64 க்கு, ஒவ்வொரு மாற்றத்தின்போதும் தானியங்கி பில்ட் ஒன்றை ஓடவிடுங்கள். இவற்றுக்குச் சில நாள் உழைப்பு போதும். அந்தச் சில நாள், எங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியாகச் செலவிடும் வாரங்களை மிச்சப்படுத்தும்.

இதில் எங்கேனும் தடுமாறினால் எங்களைக் கூப்பிடுங்கள். உங்கள் லைப்ரரிக்காக நாங்கள் எழுதிவைத்திருக்கும் ஒட்டுத் திருத்தங்கள் எங்கள் களஞ்சியங்களில் சும்மா கிடக்கின்றன. அனுப்பி வைக்கிறோம், வாங்கிப் படித்து, சரியென்று பட்டதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு அந்தத் திருத்தங்களை எங்கள் பக்கத்திலிருந்து அழித்துவிடுவோம்.

அன்புடன்,
உங்கள் லைப்ரரிகளைப் பேக்கேஜ் செய்யும் ஒருவர்